மணிக்கட்டில் ஒரு சொட்டு போஜொலே

சிவப்பு வைன் என்றால் கறுத்துத் தடித்து இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் நம்மவர்களில் பலர் இந்த வேலைக்கு வருகிறார்கள். போஜொலே வைனை முதல்முறை கிளாஸில் ஊற்றும்போது, யாரோ தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுவார்கள். கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும். வாயில் வைத்தால் கனம் இராது. இவ்வளவுதானே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றும்.

பாரிசில் லா சப்பலைச் சுற்றியுள்ள உணவகங்களில் பரிமாறும் வேலைக்கும் நிலவறை வேலைக்கும் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கைச்சிமாருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். மெல்லிய வைனுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். தடித்த வைனில் ஒரு பிழை இருந்தால் மரப்பீப்பாயின் வாசனையும் துவர்ப்பும் அதைக் கொஞ்சமாவது மூடிவிடும். கமே என்கிற கறுப்புத் திராட்சையில் இருந்து வருகிற இந்த மெல்லிய சிவப்புக்கு மூடிக்கொள்ள எதுவும் இல்லை. அதிலும், கந்தகம் சேர்க்காமலோ மிகக் குறைவாகச் சேர்த்தோ செய்கிற சிறு தோட்டக்காரர்களின் வைன் நன்றாக வந்தால் அதைப்போல வேறொன்று கிடையாது. பழுதானால் அதைப்போல ஒரு தலையிடியும் கிடையாது.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் எந்த உணவகத்தைக் கடந்தாலும் மேசைகளை எண்ணுகிறேன்; மேசைகளில் நிற்கிற போத்தல்களை எண்ணுகிறேன்; எத்தனை கிளாஸ் விளிம்புவரை நிரம்பியிருக்கிறது என்று பார்த்து வயிற்றெரிச்சல் படுகிறேன். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். போஜொலேயை ஐஸ் வாளியில் புதைத்து வைக்காதீர்கள். நிலவறையின் குளிர் அதற்குப் போதும். இவற்றை நூறு தடவை சொல்லியிருப்பேன். இப்போது சொல்லப்போவது வேறு. சுகந்தியின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் குசினிகளில் அதைச் சொல்லிச் சொல்லி முடிவை இனிப்பாக்கிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கடைசியாக வேலை செய்த உணவகம், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருந்தது. முதலாளி பிரெஞ்சுக்காரர். எங்களுடைய ஆட்கள் முதலாளியைப் பத்ரோன் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். குசினியில் பருத்தித்துறையைச் சேர்ந்த குணம் என்பவன் சமையற்காரன். வைனுக்கு நான் பொறுப்பு. எனக்கு உதவியாகச் சேர்ந்தவள்தான் சுகந்தி. கிளிநொச்சிப் பக்கம். பாரிசுக்கு வந்த முதல் வருடங்களில் கோப்பை கழுவினாள். பிறகு வைன் பரிமாறுவதற்கான மாலை வகுப்புக்குப் போய்ப் படித்துச் சான்றிதழோடு வந்தாள். நல்ல மூக்கு. கார்க் கெட்ட போத்தலை அறையின் மறுபக்கத்தில் திறந்தாலும் திரும்பிப் பார்ப்பாள்.

அவளுடைய கணவரும் மகளும் ஊரில் இருந்தார்கள். அவர்களைப் பிரான்சுக்குக் கூப்பிடும் விண்ணப்பம் ஏற்கப்பட வேண்டுமென்றால் நிரந்தர வேலை ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். எங்கள் இடத்தில் அவளுக்குக் கிடைத்தது அதுதான். ஆனால் இங்கே எல்லோருக்கும் இருப்பதுபோல முதலில் எஸ்ஸே, அதாவது பரீட்சைக் காலம். அது முடியும்வரை பத்ரோன் ஒரு சொல்லோடு அனுப்பிவிடலாம். அந்தக் காலம், நான் சொல்லப்போகிற நாளுக்கு அடுத்த கிழமை முடிய இருந்தது. முடிந்ததும் வேலையை உறுதிப்படுத்தி ஒரு கடிதம் தருவதாகப் பத்ரோன் சொல்லியிருந்தார். அவள் விண்ணப்பத்துக்கான மற்றக் காகிதங்களை எல்லாம் சேர்த்து வைத்துவிட்டாள்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, அந்த வருடத்துப் புது போஜொலே நாடெங்கும் ஒரே நாளில் திறக்கப்படும். அறுவடையாகிச் சில கிழமைகளே ஆன வைன். எங்கள் உணவகத்துக்கு அன்று மதியம் முப்பது பேர் சேர்ந்து வருவார்கள். ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள். வருடா வருடம் வருகிறவர்கள். அந்த முறை பத்ரோன் கந்தகம் சேர்க்காத ஒரு சிறு தோட்டக்காரரிடம் நாற்பத்தெட்டுப் போத்தல் வாங்கியிருந்தார்.

அந்த வருடம் கந்தசஷ்டி விரதமும் அதே கிழமையில் வந்தது. சுகந்தி விரதம். ஒரு நேரம் பாலும் பழமும் மட்டும். நான் சில நாட்கள் விடுப்பில் இருந்துவிட்டு அன்று காலைதான் வேலைக்கு வந்தேன். வந்ததும் பத்ரோன் என்னை மேலே மண்டபத்தில் கிளாஸ்களைப் பார்க்கச் சொன்னார். கீழே நிலவறையில் போத்தல்களைத் திறந்து சோதிப்பதைச் சுகந்தியிடம் கொடுத்தார். அவள் இருபத்துநான்கைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு துளி ஊற்றி, எல்லாம் நல்லது என்று மேலே அனுப்பினாள்.

பதினொரு மணிக்கு எங்களுக்குச் சாப்பாடு. அவள் ஒரு வாழைப்பழத்தோடு மூலையில் இருந்தாள். குணத்தால் சும்மா இருக்க முடியாது.

“தங்கச்சி, முருகன் உனக்கு மட்டும்தான் இவ்வளவு கடுமையோ? எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையே.”

“உங்களுக்குச் சொன்னவர் அண்ணை. நீங்கள் தாளிக்கிற சத்தத்திலை கேட்டிருக்காது.”

எல்லோரும் சிரித்தோம்.

முதலாவது கிளாஸ், பார் மேசையின் முன்னால் வழக்கமாக இருந்து சாப்பிடுகிற ஒரு வயதான அம்மையாருக்குப் போனது. குடித்தார். தலையாட்டினார். கொஞ்சம் பாணைப் பிய்த்தார். பிறகு வாயை மூடியபடி அப்படியே இருந்தார்.

“எலி,” என்றார்.

பத்ரோன் குனிந்து தரையைப் பார்த்தார்.

“தரையிலே இல்லை. நாக்கின் பின்பக்கத்தில்.”

பத்ரோன் அதே போத்தலில் இருந்து தனக்கு ஊற்றிக் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பழமும் பூவும்தான் என்றார். அம்மையார் போனமுறை வாத்து இறைச்சியையும் இப்படித்தான் குறை சொன்னார் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு, “நீ என்ன சொல்கிறாய், ராஜா?” என்று கிளாஸை என் பக்கம் தள்ளினார். என்னுடைய பெயர் ராசன். திருத்தித் திருத்திக் களைத்து விட்டுவிட்டேன்.

மணத்தைப் பார்த்தேன். ஸ்ட்ரோபெரிப் பழம், கொஞ்சம் மிளகு. குறையில்லை. வாயில் வைத்துச் சுழற்றித் துப்பினேன். குறையில்லை. பிறகு மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். இது என் பழக்கம்; உங்களுக்கும் பழக்கமாக வேண்டும். துப்பியவுடன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பத்து எண்ணுங்கள், இருபது எண்ணுங்கள். பன்னிரண்டு எண்ணும்போது அது வந்தது. எலி ஓடிய அரிசிச் சாக்கை முகத்தில் போட்டதுபோல, தொண்டையில் இருந்து மூக்குக்கு ஏறி வந்தது.

இந்தப் பழுதைப் பிரெஞ்சுக்காரரும் எலியின் பெயரால்தான் சொல்கிறார்கள். கிளாஸில் இருக்கும்வரை வைனின் புளிப்பு அதை அமுக்கி வைத்திருக்கும். அதனால் மூக்கு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பிடிபடாது. வாயின் ஈரத்தில் புளிப்புக் குறைந்த பிறகுதான் கிளம்பும். சிலருக்கு உமிழ்நீரின் தன்மையால் வாயில் வைத்தாலும் தெரியாது. பத்ரோன் அந்த வகை. திறந்து வைக்க வைக்க இன்னும் மோசமாகும். இருபத்துநான்கும் காலையில் இருந்து திறந்தபடி நின்றன.

என் எதிரில் பத்ரோன். அவருக்குப் பின்னால் கையில் துணியோடு சுகந்தி. முப்பது பேரும் வருவதற்கு அரைமணி நேரம்கூட இல்லை. நான் “நல்லது” என்று சொன்னால், அவள் சோதித்தது சரியாகிவிடும். பத்ரோனுக்கே தெரியாத பழுது. ரயில்வேக்காரர்களில் பாதிப்பேருக்குத் தெரியும், பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் தொத்திறைச்சியின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கதைத்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். அடுத்த கிழமை கடிதம் வரும். “பழுது” என்று சொன்னால், காலையில் அதை நல்லது என்று அனுப்பியது யார் என்பதுதான் அடுத்த கேள்வி.

“ஒரு நிமிடம். கீழே போய் இன்னொரு போத்தலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்,” என்றேன்.

தீர்ப்புச் சொல்ல முடியாத இடத்தில் அகப்பட்டால் நீங்களும் நேரம் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் உங்களை வேலையை விட்டு நிறுத்த மாட்டார்கள். அவசரத்தில் சொன்னதற்காகத்தான் நிறுத்துவார்கள்.

சுகந்தி எனக்குப் பின்னாலேயே படியிறங்கினாள்.

“பிழையோ ராசண்ணை?”

“பிழை.”

“எல்லாமோ?”

“அது தெரியாது. நீ வாயிலை வைச்சுப் பாத்தனியோ?”

அவள் துணியை நான்காக மடித்தாள்.

“விரதம் அண்ணை. துப்பினாலும் வாயிலை வைச்சது வைச்சதுதானே. மணந்து பாத்தன். ஒவ்வொண்டையும் ரெண்டு தரம் மணந்து பாத்தன். கார்க் மணம் இல்லை, அவிச்ச முட்டை மணம் இல்லை, வினாகிரி மணம் இல்லை.”

“இது மூக்குக்கு வராது, பிள்ளை. உன்ரை மூக்கு எண்டில்லை, ஒருதற்றை மூக்குக்கும் வராது.”

அவள் போத்தல்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தன் வலது கையை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

“அண்ணை, உங்களிட்டை ஒண்டு கேக்கவோ? காலமை துறக்கேக்கை கையிலை ஊத்துப்பட்டது. அதுக்குப் பிறகு கையிலை ஒரே சோத்து மணம். ரம்பை இலை போட்டு அவிச்ச சோறு மாதிரி. குணமண்ணை பாஸ்மதி அவிக்கிறார் எண்டு நினைச்சன். பிறகு பாத்தா, இண்டைக்குச் சோறே இல்லை, கிழங்குதான். சரி, பசிக்கிறவைக்கு எங்கையும் சோறு மணக்கும்தானே எண்டு விட்டிட்டன்.”

நான் என் சட்டைக் கையை மேலே இழுத்தேன். கையோடு கொண்டுவந்திருந்த போத்தலில் இருந்து மணிக்கட்டில் ஒரு சொட்டு ஊற்றித் தேய்த்தேன். போஜொலேத் தோட்டக்காரர்கள் சிலர் இப்படிச் செய்வதைக் கண்டிருக்கிறேன். தோலில் பட்டதும் வைனின் புளிப்புப் போய்விடும். மறைந்திருப்பது வெளியே வரும். மணந்தேன். எனக்கு எலி. ஆனால் அவள் சொன்ன பிறகு, எலிக்கு அடியில் அதுவும் தெரிந்தது. பாஸ்மதி. ரம்பை. ஆறிப்போன சோற்றுப்பானையைத் திறந்த மணம்.

பிரெஞ்சுக்காரி ஒருத்தியின் கையில் அந்த மணம் வந்திருந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டிருப்பாள். எங்களுக்கு அது வீட்டு மணம். பசியோடு நிற்கிற எங்கள் பெண்ணுக்கு அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

“நான் போய்ச் சொல்லுறன்,” என்றாள்.

“கொஞ்சம் நில். எஸ்ஸே முடிய இன்னும் ஒரு கிழமை கிடக்கு. நானும் சேர்ந்து பாத்ததெண்டு சொல்லுறன். எனக்கு இந்த வயதிலை என்ன செய்யப் போறார்?”

“நீங்கள் காலமை முழுக்க மேலை கிளாஸ் துடைச்சுக்கொண்டு நிண்டனீங்கள். அவர் கண்டவர்.”

“அப்ப ஒண்டும் சொல்லாமல் விடுவம். அவருக்குத் தெரியேல்லை. அந்த அம்மாவையும் அவர் நம்பேல்லை. போத்தலை மட்டும் மாத்துவம்.”

“இருபத்துநாலையும் என்ன சொல்லி மாத்துறது?” என்றாள். பிறகு, “விரதம் பிடிச்சுக்கொண்டு பொய் சொல்லுறதெண்டால், அண்ணை, நான் காலமையே வாயிலை வைச்சுப் பாத்திருக்கலாம்,” என்றாள்.

நான் படியை விட்டு விலகி அவளுக்கு வழி விட்டேன்.

மேலே போய்ப் பத்ரோனுக்கு முன்னால் நின்று அவளே சொன்னாள். படித்த பிரெஞ்சு, வாக்கியங்கள் குட்டையானவை. இன்று நான் விரதம். வாயில் வைக்கவில்லை. மணந்து மட்டும் பார்த்தேன். வைனில் எலி இருக்கிறது. எல்லாப் போத்தலிலும் இருக்கிறதா என்று தெரியாது.

பத்ரோன் தன் கிளாஸைக் கீழே வைத்தார்.

“நான் குடித்தேன். நல்ல வைன். என்னுடைய நல்ல வைனைப் பழுது என்றும் சொல்கிறாய், உன்னுடைய வேலையைச் செய்யவில்லை என்றும் சொல்கிறாய். இரண்டையும் ஒரே மூச்சில்.”

“ஆமாம், மிசியே.”

“மத ஆட்களோடு எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் இங்கே வைனை வாயில் வைத்துப் பார்ப்பதுதான் உன் வேலை.”

இந்த இடத்தில் நான் செய்தது ஒன்றுதான். அவரிடம் கேட்காமலே அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, அதன்மேல் ஒரு சொட்டு ஊற்றித் தேய்த்தேன். வேறொரு நாளாக இருந்தால் கையை உதறியிருப்பார். அன்று அந்த அம்மையாரும் பார்த்துக்கொண்டிருந்தார். பத்ரோன் மணந்தார். மறுபடியும் மணந்தார். வருடக்கணக்காக வைன் விற்கிற மனிதர்; தன் வாய் தன்னிடம் மறைத்து வைத்திருந்த ஒன்றைத் தன் கையில் இருந்து அறிந்துகொண்டார். முகம் வெளிறியது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கவில்லை.

“எத்தனை?” என்றார்.

“ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.”

மூன்று பேரும் சட்டைக் கைகளை முழங்கைவரை சுருட்டினோம். ஒரு போத்தலுக்கு ஒரு மணிக்கட்டு. ஊற்றித் தேய்த்து, பொறுத்து, மணந்து, கழுவித் துடைத்து, அடுத்தது. மூன்று பேருக்கு ஆறு மணிக்கட்டு. குணம் குசினிக்குள் இருந்து தன் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

“என்ரை கையையும் எடுங்கோ.”

“உன்ரை கையிலை வெங்காயம்தான் மணக்கும். உள்ளை போ,” என்றேன்.

“வெங்காயம் மணக்காட்டி உங்களுக்குச் சம்பளம் வராது,” என்றுவிட்டுப் போனான்.

நாங்கள் பாதியில் நிற்கும்போதே ரயில்வேக்காரர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். கோட்டைக் கழற்றியபடி, மூன்று பேர் வரிசையாக நின்று தங்கள் கைகளைத் தாங்களே மணப்பதைப் பார்த்தார்கள். “என்ன, வாசனைத் திரவியக் கடையாக மாற்றிவிட்டாயா?” என்று ஒருவர் பத்ரோனைக் கேட்டார். பத்ரோன் மறைக்கவில்லை. வைனில் எலி புகுந்துவிட்டது, துரத்திக்கொண்டிருக்கிறோம் என்றார். எனக்கும் ஊற்று, நானும் மணக்கிறேன் என்று இரண்டு பேர் கையை நீட்டினார்கள்.

இருபத்துநான்கில் பதினைந்து பழுது. ஒன்பது நல்லது. சுகந்தி தன் மணிக்கட்டை முகத்துக்குக் கொண்டுபோவாள், கண்ணை மூடுவாள், “சோறு” என்பாள். அல்லது “இல்லை” என்பாள். ஒவ்வொரு “சோறு”க்கும் அவளுடைய குரல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. ஒரு தடவைகூட அவளுடைய தீர்ப்பும் என்னுடையதும் மாறுபடவில்லை. ஒன்பதையும் மேசைக்கு அனுப்பினோம். திறக்காத இருபத்துநான்கையும் சோதிக்க நேரமில்லை; மிச்சத்துக்குப் போன வருடத்து வைனைக் கொண்டுவந்தோம். அதே வட்டாரம், வேறு தோட்டம். மதியச் சாப்பாடு நடந்து முடிந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்த அம்மையார் தனக்கு ஊற்றிய நல்ல போத்தலை முடித்துவிட்டுத்தான் போனார்.

உங்களில் பலர் கேள்விப்பட்ட கதை இங்கே முடிகிறது. பத்ரோன் கண் கலங்கி அப்போதே கையெழுத்து வைத்தார் என்று சொல்கிறார்கள். நான் அங்கே நின்றேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

மண்டபம் காலியானதும் பத்ரோன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சட்டைக் கை இன்னும் சுருட்டியபடிதான் இருந்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல. அதையும் எழுதிவிட வேண்டும்.

“உண்மையைச் சொன்னாய். அதை மறக்க மாட்டேன்,” என்று அவளிடம் சொன்னார். “ஆனால் காலை ஒன்பது மணிக்குச் சொல்லியிருக்கலாம். இன்று நான் வாயில் வைக்க முடியாது, வேறு யாராவது வைக்கட்டும் என்று ஒரு வசனம். நான் ராஜாவைக் கீழே அனுப்பியிருப்பேன்.”

“இந்த மதியத்தைக் காப்பாற்றியது அவள்தான்,” என்றேன் நான்.

“ஆமாம். ஆபத்தில் விட்டதும் அவள்தான். நீ எல்லாவற்றையும் எண்ணுகிறவன். இரண்டில் எதை எண்ண வேண்டும் என்று நீயே சொல்.”

என்னால் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

எஸ்ஸேயை இன்னும் இரண்டு மாதம் நீட்டுவதாகச் சொன்னார். அவளுக்குச் சம்மதம் என்றால் கையெழுத்துப் போடலாம், இல்லையென்றால் இத்தோடு பிரியலாம். அவள் சம்மதம் என்றாள். பிறகு, போகத் திரும்பிய பத்ரோனை மறித்து இன்னொன்றும் சொன்னாள்.

“நாளைக்கும் நாளை மறுநாளும் எனக்கு விரதம், மிசியே. வாயில் வைக்க வேறு ஆளைப் போடுங்கள்.”

பத்ரோன் என் பக்கம் கையைக் காட்டினார். அவ்வளவுதான்.

இளையவர்களே, விரதம் பிடிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் வெள்ளிக்கிழமைகளில் மச்சமாமிசம் தொடுவதில்லை. வைனை வாயில் வைக்க மனமில்லாதவர்களும் இந்த வேலையைச் செய்யலாம். செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. நம்முடைய சாமி, நம்முடைய சாப்பாடு, நம்முடைய துடக்கு தீட்டு, இவற்றை வெள்ளைக்காரரிடம் சொல்வதற்குக் கூச்சம். எப்படியும் சமாளித்துவிடலாம், சொன்னால் சிரிப்பார்கள், சொன்னால் எஸ்ஸேக்குக் கூடாது என்று வாயை மூடிக்கொள்கிறோம். அன்று அவளுடைய விரதம் யாருக்கும் ஒரு கெடுதியும் செய்யவில்லை. செய்யப்படாத ஒரு சோதனை, செய்யப்பட்டதுபோல மேலே போனதுதான் கெடுதி. உங்களால் செய்ய முடியாததை வேலை தொடங்கும்போதே சொல்லுங்கள். அந்த நேரத்தில் அது வெறும் தகவல். மதியத்துக்கு மேல் சொன்னால் அதற்குப் பெயர் ஒப்புதல் வாக்குமூலம்.

இன்னொன்று. மெல்லிய வைனில் உங்களுக்குப் பழக்கமான ஒரு நல்ல மணம் வந்தால் சந்தோஷப்படாதீர்கள். அது அங்கே ஏன் வந்தது என்று கேளுங்கள்.

அன்று பின்னேரம் இருவரும் ரயில் நிலையத்துக்குச் சேர்ந்தே நடந்தோம். அவள் இருப்பது பியர்ஃபித், நான் இருப்பது சார்செல், ஒரே ரயில்தான். ரயில் நகரத் தொடங்கியதும் அவளுடைய தொலைபேசி அடித்தது. ஊரில் அப்போது இரவாகியிருக்கும். மகள். ஒவ்வொரு நாளும் படுக்கப் போகுமுன் எடுப்பாள். சத்தமாகப் பேசுகிற பிள்ளை. பக்கத்தில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

“அம்மா, உங்கடை முதலாளி சைன் வைச்சிட்டாரோ?”

“இன்னும் இல்லைக் குஞ்சு.”

“அடுத்த கிழமை வைப்பாரோ?”

சுகந்தி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கொஞ்சம் பிந்தும்.”

“எவ்வளவு பிந்தும்?”

“கொஞ்சம்தான். நீ படு. நாளைக்குப் பள்ளிக்கூடமெல்லே.”

தொலைபேசியை மடியில் வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

“நான் வாய் துறக்காமல் இருந்திருந்தால் அடுத்த கிழமை வைச்சிருப்பார், என்ன அண்ணை?”

“ஓம்,” என்றேன். அவளிடம் நானும் பொய் சொல்லக்கூடாது என்று பட்டது.

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. தன் இறங்குமிடம் வந்ததும், “போட்டு வாறன் அண்ணை,” என்று சொல்லி இறங்கிப் போனாள்.

மாசியில் கடிதம் வந்தது. அதற்குள் அவள் சேர்த்து வைத்திருந்த காகிதங்களில் இரண்டு காலாவதியாகிவிட்டன. ஊரில் இருந்து புதிதாக எடுப்பித்து, விண்ணப்பம் வசந்தத்தில்தான் போனது. கணவரும் மகளும் வந்தார்கள். ஆனால் அவள் எதிர்பார்த்த குளிர்காலத்துக்கு அல்ல, அதற்கு அடுத்ததுக்கு. விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். பிள்ளைக்கென்று முந்தின வருட மலிவு விற்பனையில் வாங்கி வைத்திருந்த சிவப்புக் குளிர்ச்சட்டையைத் தாய் கையோடு கொண்டுவந்திருந்தாள். வாசலில் நின்று பிள்ளைக்குப் போட்டுவிட்டுப் பார்த்தாள். கை நுழைந்தது, முன்பக்கம் பூட்டவில்லை. அந்தப் பிள்ளை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, “அளவுதான் அம்மா, அளவுதான்,” என்று நின்றது.

காலை ஒன்பது மணிக்கு ஒரு வசனம் சொல்லியிருந்தால் அந்தச் சட்டை அளவாக இருந்திருக்கும்.